ஸ்பிரிட் எங்கே போகிறது?

ஏழுமலை பால் கேனின் மூடியைத் திறந்தார். இடுப்பை வளைத்து, முகத்தை உள்ளே தாழ்த்தி மூச்சை இழுத்தார். நிமிர்ந்து, "ம், போலாம்" என்றார். கேன் உருளைகளின் மேல் சறுக்கி உள்ளே போனது. அடுத்த கேன் வந்தது.

நான் அவருக்கு இரண்டடி தள்ளி, அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தேன். அமாவாசைக்கு மறுநாள் காலை. செஞ்சியில் திண்டிவனம் சாலையை ஒட்டி எங்கள் நிறுவனத்துக்கு ஒரு பால் குளிரூட்டும் நிலையம் இருக்கிறது. சுற்றுவட்டார ஊர்களின் பால் கேன்களில் வந்து இறங்கும் மேடை அது. கோட்டை மலைக்கு மேல் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தரையெல்லாம் ஈரம். வெதுவெதுப்பான பால், கேன் கழுவும் சோடா, நனைந்த சிமெண்ட் என்று வாசனைகளைப் பிரித்துக்கொண்டே வந்தேன். நான்காவதாக ஒன்று இருந்தது. ஸ்பிரிட்.

அது ஏழுமலையிடமிருந்து வந்தது. சென்னையிலிருந்து என்னை அனுப்பியதே அந்த வாடைக்காகத்தான்.

போலீசும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை

கல்லூரி ஆய்வுக்கூடக் கதைகளை எழுதியது போதும், பார்க்கிற வேலையைப் பற்றி எழுதுங்கள் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன்.

நான் படித்தது பால் தொழில்நுட்பம். பார்ப்பது உள் தணிக்கை. வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது நைனா கேட்டார்:

"ஆடிட்டுன்னா கணக்கு எழுதறதா?"

"கணக்கு மட்டும் இல்ல நைனா. கம்பெனில எது எது தப்பா போகும்னு முன்னாடியே போய்ப் பாக்கணும்."

"அப்ப போலீசு."

"போலீஸ் தப்பு நடந்தப்புறம் வரும்."

"நீ நடக்கறதுக்கு முன்னாடியே போய் எல்லாருக்கும் டென்சன் குடுப்ப. அதுக்கு சம்பளம் வேற."

பிறகு தேர்வுகள் எழுதினேன், சான்றிதழ்கள் வாங்கினேன். இதைவிடச் சுருக்கமான வரையறை எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சேர்ந்த புதிதில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இந்த வேலைக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று இளையவர்கள் கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

1. கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனத்தை எதிராளி நிரப்பட்டும்.

2. ஆள் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் செய்வதைப் போய்ப் பார்க்க வேண்டும்.

3. சாப்பாட்டுக்கு நாமே காசு கொடுக்க வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் சிரிப்பாகத் தோன்றலாம். வேறொரு மாவட்டத்தில் மாட்டுத் தீவனக் கிடங்கு ஒன்றைப் பார்க்கப் போனேன். போனதும் இளநீர். பிறகு ஏசி அறையில் பிரியாணி. பிறகு பீடா. "வெயில் தாழட்டும் மேடம், கிடங்கு எங்க ஓடிடப் போவுது?" என்றார்கள். வெயில் தாழ்ந்தது, கிடங்குச் சாவி வைத்திருந்தவரும் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் சாவியோடு வந்தார். மழைநீர் இறங்கிப் பூசணம் பிடித்த மூட்டைகள் ஒரே இரவில் நல்ல மூட்டைகளுக்குப் பின்னால் போயிருந்தன. அன்றிலிருந்து தயிர்சாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறேன்.

செஞ்சிப் பணி வந்தபோது அது என் சொந்த ஊர் என்று எழுதிக் கொடுத்தேன். தணிக்கை செய்கிற இடத்தில் நமக்கு உறவோ பகையோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது விதி.

"ஏழுமலை உங்களுக்குச் சொந்தமா?" என்று மேலதிகாரி கேட்டார்.

"இல்லை சார்."

"பழக்கமா?"

"இல்லை."

"அப்ப போயிட்டு வாங்க. லாட்ஜ் செலவு மிச்சம்."

சந்தேகம்

விஷயம் இதுதான். மேடைக்கு வருகிற ஒவ்வொரு கேனையும் தர ஆய்வாளர் ஒருவர் மோந்து பார்ப்பார். பால் கெடத் தொடங்கினால் முதலில் மாறுவது வாசனை. கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் கேன்கள் வரிசையில் நிற்கும்போது மூக்கின் வேகத்துக்கு எதுவும் வருவதில்லை. சந்தேகம் வருகிற கேனுக்கு மட்டும் ஸ்பிரிட் சோதனை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பால், அதே அளவு ஸ்பிரிட். புளிக்கத் தொடங்கிய பாலாக இருந்தால் குழாயின் சுவரில் திரிதிரியாக ஒட்டும்.

அனுபவப்பட்ட மூக்குக்கு எங்கள் நிறுவனத்தில் மாதாமாதம் தனிப்படி உண்டு. ஊழியர்கள் அதை மூக்குப் படி என்பார்கள். செஞ்சி நிலையத்தில் அதை வாங்குகிறவர் ஏழுமலை ஒருவர்தான்.

மற்ற நிலையங்களைவிடச் செஞ்சியில் ஸ்பிரிட் பல மடங்கு செலவாகிக்கொண்டிருந்தது. அது போதாதென்று ஆள் மேல் வாடை. தலைமையகம் இரண்டையும் கூட்டி விடையைத் தானே எழுதிவிட்டது. என் வேலை அதை உறுதி செய்வது மட்டும்.

நிலையப் பொறுப்பாளர் ரபீக் பாய் முதல் நாளே என்னிடம் சங்கடப்பட்டார்.

"பீடி கூட தொட மாட்டாரு மேடம். எத்தினி வருசமா பாக்கறேன். ஆனா இப்ப கிட்ட போனா குப்புனு அடிக்குது. நான் இன்னா சொல்றது?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"வயசுல பெரியவரு. எப்படிக் கேக்கறது?" கொஞ்சம் யோசித்து, "அது குடிக்கற சரக்கும் இல்ல மேடம். ஆளு செத்துகித்துப் போயிட்டா?" என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கேட்கச் சங்கடப்படுவது எங்கள் பக்கத்தில் மரியாதை. என் அட்டையில் அதை நான் இடர் என்று குறிக்க வேண்டியிருக்கிறது.

பொருந்தாத வாடை

அன்று காலை மேடையில் நின்றபடி நான் பார்த்தவை:

வாடையை மறைக்க ஏழுமலை பாக்கு மெல்லவில்லை. ஏலக்காய் இல்லை. என்னிடம் பேசும்போது தள்ளி நிற்கவில்லை. உருளை ஓசையில் எனக்குக் கேட்காது என்று காதுக்கருகே வந்து விளக்கினார். குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் என்னிடமிருந்து ஒரு ஆள் தூரம் விலகித்தான் நிற்பார்கள்.

இன்னொன்று, வாடை அவர் மூச்சில் இல்லை. சட்டைக் கையிலும் விரல்களிலும் இருந்தது.

மூன்றாவது, "போலாம்" என்று சொன்ன கேனிலிருந்தும் அவர் சிறு கரண்டியில் பால் எடுத்தார். தூணுக்குப் பின்னால் போனார், அந்தக் கேன் தொட்டிக்குப் போய்ச் சேருமுன் வந்தார். எல்லாக் கேனுக்கும் அப்படித்தான். மேடையில் இருந்தவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. சோதனைக் குழாயைக் கழுவப் போகிறார் என்று நினைத்தார்களாம்.

இந்த மூன்றையும் எழுதி எதிரே கேள்விக்குறி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மேல்மலையனூர்ப் பக்கத்து மினி லாரி தாமதமாக வந்து நின்றது. ஓட்டுநர் குமார் ஏழுமலையின் மைத்துனர், மனைவியின் தம்பி.

"இன்னா மாமா, கேனுக்குள்ள மூஞ்ச வுட்டு தூங்கறியா? சீக்கிரம். ரோடு பூரா ஸ்பெசல் பஸ்சு, ஊர்ந்து ஊர்ந்து வந்துகிறேன்."

"லேட்டா வந்துட்டு வாயப் பாரு. பால் திரிஞ்சிருந்தா உன் தலையிலயே ஊத்தறேன்."

"ஊத்து. அதுக்கு முன்னாடி அந்த ஸ்பிரிட்ட எனக்கும் ஒரு மூடி ஊத்து. தனியாவே சாப்ட்டா எப்படி?"

கேன் இறக்கியவர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த வண்டியின் மூன்றாவதோ நான்காவதோ கேன். மூடி திறந்ததும் என் மூக்கில் ஏறியது. இறக்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழுமலை குனிந்தார், மூச்சை இழுத்தார், நிமிர்ந்தார்.

"ம், போலாம்."

கரண்டியில் பால் எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். திரியவில்லை போலும், நிம்மதியோடு திரும்பி வந்தார். கேன் சறுக்கத் தொடங்கியிருந்தது.

உள் தணிக்கையாளர் வேலையை நிறுத்தக் கூடாது. பொறுப்பாளரிடம்தான் சொல்ல வேண்டும். ரபீக் பாய் பக்கத்தில் இருந்தது நல்லதாயிற்று.

"பாய், அந்தக் கேனைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

அவர் குனியவே தேவைப்படவில்லை. "யா அல்லா, டீசலு! டேய், புடிங்கடா அத!"

கேனைப் பிடித்து நிறுத்தினார்கள். அது பெரிய தொட்டியில் கலந்திருந்தால் அந்தக் காலையில் வந்த பால் முழுவதும் வீண். யாரும் கவனிக்காமல் போயிருந்தால் அதைவிட மோசம். அது ஏதோ வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சப்பட்டிருக்கும்.

குமார் தலையைச் சொறிந்தபடி காரணம் சொன்னார். அமாவாசை என்றால் கோயில் கூட்டத்தால் மேல்மலையனூரைச் சுற்றியிருக்கிற டீசல் பங்க்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வழியில் வண்டி நின்றுவிட்டால் பால் கெட்டுவிடும். அதனால் அந்தத் தடத்து ஓட்டுநர்கள் எல்லோருமே அமாவாசைக்கு ஒரு பழைய பால் கேனில் டீசல் பிடித்து, பால் கேன்களுக்கு நடுவே வைத்துக்கொள்வார்கள். இந்த முறை அவசரத்தில் யாரோ அந்த டீசல் கேனின் மூடியை மாற்றிப் பால் கேனுக்குப் போட்டுவிட்டார்கள்.

"பால் கெட்றக் கூடாதுன்னுதான் பாய் அப்படிப் பண்றோம்" என்றார் குமார். பொய் இல்லை. பாலைக் காப்பாற்றத்தான் பாலுக்குப் பக்கத்தில் டீசல் வைத்திருந்தார்கள்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி ஏழுமலையைப் பார்த்தார்.

"மாமா, உனக்கு அடிக்கவே இல்லியா?"

"சளி" என்றார் ஏழுமலை.

கேட்டுவிட்டு வாயை மூடினேன்

மேடை ஓய்ந்த பிறகு தூணுக்குப் பின்னால் அவரிடம் கேட்டேன். "சளி எப்போதிலிருந்துண்ணா?"

பட்டியலின் முதல் விதிப்படி அதற்கு மேல் பேசவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை இறுக்கி மூடினார். மறுபடி திறந்து கையைக் கழுவினார்.

"போன மழைக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு மேடம். காய்ச்சல் போச்சு. வாசன திரும்பி வரல."

"டாக்டர்?"

"பாண்டிச்சேரி போய்ப் பாத்தேன். வந்தா வரும், வரலன்னா வராதுன்ட்டாரு."

"அதுக்கப்புறம் எல்லாக் கேனுக்கும் ஸ்பிரிட்டா?"

"எல்லாத்துக்கும். ஒண்ணு வுட்டதில்ல. மோந்து பாக்கறது சும்மா, பாக்கறவங்களுக்கு. இன்னிக்கு வரைக்கும் இந்த சென்டர்லேர்ந்து போன டேங்கர் ஒண்ணு திரும்பி வந்துச்சான்னு பாய்கிட்ட கேட்டுப் பாருங்க."

வரவில்லை. அது உண்மை என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். புளித்த பாலைப் பிடிப்பதில் அவருடைய தூணுக்குப் பின்னால் நடந்த வேலை, மூக்கைவிடக் கறாரானது.

"டீசல் திரியாதுண்ணா" என்றேன்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். டீசல், மருந்து, புகை, வேப்பம் புண்ணாக்கு, எதுவும் ஸ்பிரிட்டில் திரியாது. அவற்றைப் பிடிக்கத்தான் அங்கே ஒரு மூக்கு நிற்கிறது.

அப்போது எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வந்தது வேறு யோசனை. போன மழைக்குப் பிறகு வந்த அமாவாசைகளில் என்னென்ன கேன்கள் உள்ளே போயிருக்கும்? அதற்கு விடை கிடையாது. விடை கிடையாது என்பதையும் நான் எழுதியாக வேண்டும்.

"எழுதப் போறீங்களா?" என்று கேட்டார்.

"எழுதணும்."

"அப்ப குடிச்சேன்னே எழுதிடுங்க."

எனக்குப் புரியவில்லை.

"இங்க ஒருத்தன் குடிச்சிட்டு வந்து வண்டிய கேட்ல வுட்டான். வார்னிங் குடுத்தாங்க. இன்னிக்கும் அவன்தான் ஓட்றான். குடின்னா திருந்திடுவான்னு வச்சிக்குவாங்க மேடம். மூக்கு போச்சுன்னா? படியும் போச்சு, இடமும் போச்சு. மூக்கு இல்லாதவன் இங்க இன்னா புடுங்கறான்னு கேப்பாங்க."

"யாருக்குமே சொல்லலையா? வீட்லகூட?"

"வீட்ல சொன்னா குமாருக்குத் தெரியும். குமாருக்குத் தெரிஞ்சா செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். அவ வேற மாசக் கணக்கா மூஞ்சிக் குடுத்தே பேச மாட்டேன்றா. குடிச்சிட்டு வரியான்னு ஒரு நாள் கேட்டா. இவன்தான் இங்க பேசறத அக்காகிட்ட போட்டுக் குடுத்துட்டான்னு வுட்டுட்டேன்."

சொல்ல வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். அறிக்கையில் வரப்போவது. முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் முறை.

"அண்ணா, உங்க சட்டையில, கையில எல்லாம் ஸ்பிரிட் வாடை அடிக்குது. தெரியுமா?"

அவர் சட்டைக் கையை மூக்குக்குக் கொண்டுபோனார். இழுத்துப் பார்த்தார். பாதியில் கையை இறக்கினார்.

"ரொம்பவா?"

"பக்கத்துல வந்தா தெரியுது."

கவிழ்த்து வைத்திருந்த கேன் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். வீட்டில் தினமும் அதே வாடையோடுதான் போய்ச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். மனைவி பச்சையம்மாள் போன ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு நேர்ந்துகொண்டு போனாராம். என்ன வேண்டுதல் என்று இவரிடம் சொல்லவில்லை.

"தேங்கா பழம் கூடைய நாந்தான் மேடம் தூக்கிக்கினு போனேன்" என்றார். "எனுக்குதான்னு தெரியல."

இரண்டு குறிப்புகள்

அறிக்கையில் அவரைப் பற்றி இரண்டு குறிப்புகள் எழுதினேன். ஸ்பிரிட் களவு போகவில்லை, அவர் குடிக்கவும் இல்லை. முழுவதும் சோதனைக்கே செலவானது. இது முதல் குறிப்பு. பல மாதங்களாக மேடையில் வாசனைச் சோதனை நடக்கவில்லை; நடந்ததாகக் காட்டப்பட்டது. இது இரண்டாவது.

முதலாவதை மட்டும் எழுதியிருக்கலாமே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். எழுதியிருந்தால் அடுத்த டீசல் கேனுக்கு நானும் கூட்டு. இரண்டாவதை மட்டும் எழுதியிருந்தால் ஒரு யோக்கியமான மனிதர் ஏமாற்றுக்காரராக மட்டும் நின்றிருப்பார். உள் தணிக்கையில் கடினமான திறமை கண்டுபிடிப்பது இல்லை. இரண்டு குறிப்புகளையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுவது.

பரிந்துரைகளையும் எழுதினேன். வாசனைச் சோதனைக்கு எப்போதும் இரண்டு பேர். வண்டிகள் தாமதமாகும் அமாவாசை நாட்களில் எல்லாக் கேனுக்கும் ஸ்பிரிட் சோதனை. பால் வண்டியில் டீசல் எந்த உருவத்திலும் கூடாது. அமாவாசைக்கு முதல் நாளே நிலையத்தில் டீசல் நிரப்பித்தர வேண்டும். ஏழுமலையின் ஸ்பிரிட் சோதனை நேர்த்தியானது. அவரைச் சோதனை மேசைக்கு மாற்றுவது பொருத்தம்.

முடிவுக் கூட்டத்தில் ரபீக் பாய் முன்னிலையில் அதை ஏழுமலைக்கு வாசித்துக் காட்டினேன். ரபீக் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு வார்த்த நான் கேட்டிருக்கலாம்" என்றார். ஏழுமலை கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"இவுரு குடிக்கலன்னு இருக்குதே, அந்தப் பக்கத்த மட்டும் ஒரு ஜெராக்ஸ் குடுங்க. வீட்ல காட்டணும்."

"வெளிய தர முடியாதுண்ணா. ரகசிய ஆவணம்."

"அப்ப நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க. வீடு பக்கந்தான்."

அதுவும் முடியாது. தணிக்கை செய்கிற நிலையத்து ஊழியர் வீட்டுக்குப் போகக் கூடாது. சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்று மாலையே சென்னைக்குப் பேருந்து ஏறினேன்.

தொடர் ஆய்வு

சொன்னவற்றைச் செய்தார்களா என்று சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்ப்பதற்குத் தொடர் ஆய்வு என்று பெயர். மறுபடி செஞ்சி, மறுபடி காலை மேடை. கேன்களை இரண்டு பேர் மோந்து பார்த்தார்கள். டீசல் கேன் எந்த வண்டியிலும் இல்லை. சோதனை மேசைக்குப் பின்னால் ஏழுமலை நின்றிருந்தார். மூக்குப் படியை நிறுத்தி உத்தரவு வந்திருந்தது. நான் பரிந்துரைத்த மாற்றம் நடந்தது. அதோடு படியும் போயிற்று. படியைப் பற்றி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"வீட்ல எப்படிண்ணா?" என்று கேட்டேன். பட்டியலில் இல்லாத கேள்வி.

"நீங்க போன அன்னிக்கே சொன்னேன். நம்பல. குடிகாரன் எல்லாரும் இப்படித்தான் கத சொல்வான்னா. அப்புறம் அவளே ஆடிட்டு வச்சா."

"எப்படி?"

"துண்டால கண்ணக் கட்டி உக்கார வச்சிட்டா. ஒண்ணொண்ணா மூக்குகிட்ட கொண்டாந்து இன்னா இதுன்னு கேக்கறா. தெரியலன்னா நடிக்கறன்றா. சரி, எதையாவது சொல்லுவோம்னு மல்லிப்பூன்னேன்."

"என்ன அது?"

"கருவாடு."

மேசையில் இருந்த இன்னொருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

"அழுதா மேடம். அப்புறம் ஒரே திட்டு. கோவத்துல ஒரு நாள் ஊசிப்போன கொழம்ப ஊத்தினாளாம். நான் நல்லா இருக்குதுன்னு ரெண்டாந்தரம் வாங்கித் தின்னேனாம். அன்னிக்குதான் முடிவு பண்ணாளாம், இந்தாளு முழு குடிகாரன்னு."

"இப்ப?"

"இப்ப வூட்டுக்குப் போனா வாசப்படியிலயே நிக்க வச்சிடறா. சட்டைய மோந்து பாக்கறா, கைய மோந்து பாக்கறா. சோப்பு போட்டுக் கழுவிட்டுதான் உள்ள வுடறா. தெனம் ரெண்டு வேளை." குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். திரியவில்லை. "அந்த மூக்குப் படி நின்னுச்சே மேடம், அத அவ பேர்ல மாத்திக் குடுக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த கேனின் பாலுக்குக் கையை நீட்டினார்.